செக்ரோலில் மூன்றாவது பேர்

அத்தியாயம் ஆறு

விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுவது ஜெனீராவின் தொழில் பழக்கம். பதுளை பஸாரில் எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் திருத்துகிறவளுக்கு அதற்குள்ளிருந்து என்னென்ன விழும் என்பது அத்துப்படி. பிஸ்கட் தூள் விழும், ஊக்கு விழும், ஒருமுறை காய்ந்துபோன மட்டத்தேள்கூட விழுந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயில்கந்தைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் விழுந்தது ஒரு பல். மனிதப் பல். வேரில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"கஸ்டமர் கொஞ்சம் அழுத்தி டைப் பண்ணி ஈக்கார் சேர்" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசலில் சுபாஜினி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரனின் மனைவி. பயம் வந்தால் ஜெனீராவுக்குப் பகிடி வரும். அது ஒரு வியாதி. அவள் உம்மா இதற்காகவே அவளை ஜனாசா எடுக்கிற சாவு வீடுகளுக்குக் கூட்டிப்போவதில்லை.

துப்பறியும் ஆரூரன் பல்லை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார். ஐம்பத்திரண்டு வயது, தொந்தி, எந்நேரமும் கையில் ஒரு குடை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் நெருப்பையும் மெய் நெருப்பையும் பிரித்துப் பார்த்த மனிதர். மனிதர்களின் பொய் அவருக்கு வாசலிலேயே மணக்கும். கம்ப்யூட்டர் பொய் சொன்னால் மட்டும் ஜெனீராவைத் தேடுவார்.

நடந்தது இவ்வளவுதான். டிஸ்பென்சரியில் நோயாளிகளின் பேர் பதிகிறவன் நிமலன். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்கள் போட்ட இரைச்சலில் அவன் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு ஆட்கள் வந்து பார்த்தபோது நாற்காலி உடைந்து கிடந்தது, சுவரில் இரத்தம் தெறித்திருந்தது, இழுத்துப்போன தடம் பின்கதவுவரை போய் மழையில் கரைந்திருந்தது. சனிக்கிழமை காலை பொலிஸ் வந்து பார்த்து, எழுதி, எங்காவது ஓடியிருப்பான் என்று சொல்லிவிட்டுப் போனது. சுவரில் இரத்தத்தைத் தெளித்துவிட்டு ஓடுகிற மனிதனை எந்த ஊரில் பார்த்தார்களோ தெரியாது. இன்று காலை முதல் பஸ்ஸில் சுபாஜினி ஆரூரனின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். தன் தாய் ரெங்கம்மா போன மாசியில் இதே டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அன்றே செத்துப்போனாள் என்றும், அதற்குப் பிறகு புருஷன் வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் அந்தக் கம்ப்யூட்டரோடேயே கிடந்தான் என்றும், கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்றும் சொன்னாள்.

"அவரு இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. மத்தது எதுவும் எனக்கு வேணாங்க."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஆரூரன் குடையை எடுத்தார்.

டிஸ்பென்சரியைத் திறந்து விட்டவர் டாக்டரய்யா பத்மநாதன். முப்பது வருஷமாகத் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிறவர். ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். ஆரூரனின் ஊரைக் கேட்டார். தன்னுடையது யாழ்ப்பாணத்து வடமராட்சியில் அதற்கு அடுத்த ஊர் என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் பத்து நிமிஷம் பனங்கிழங்குக் கதைதான். நிமலனைப் பற்றிப் பேசியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்குப் பிள்ளை இல்லை, அவனைத்தான் பிள்ளை மாதிரி வைத்திருந்ததாகச் சொன்னார். தேத்தண்ணி வரவழைத்தார். கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் தன்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், தன் வீட்டில் அந்தச் சாமானே இல்லை, ஸ்விட்ச் போடக்கூடத் தெரியாது என்றார்.

ஜெனீரா ஸ்விட்சைப் போட்டாள். கறுத்த திரையில் வெள்ளை எழுத்து ஓடி, பிறகு பச்சையாக ஒரு வரி வந்து நின்றது. "வாங்க. பெரட்டுக்கு நேரமாச்சு."

வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டையே கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறான். ஊர் முழுக்க விண்டோஸ் வைத்துக்கொண்டு வைரஸோடு குடித்தனம் நடத்தும்போது, லயத்தில் பிறந்த ஒருவன் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து லினக்ஸைப் பிரித்துத் தைத்துத் தோட்டத்துக்கு அளவெடுத்த சட்டையாக ஆக்கியிருந்தான். பட்டியல்கள் தமிழ், கேள்விகள் தமிழ், விசைப்பலகையின் ஒவ்வொரு பொத்தானிலும் கையால் எழுதி ஒட்டிய தமிழ் எழுத்து. பேர் பதிய வருகிற மருத்துவிச்சிப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதற்காகச் செய்தது. அங்கே எந்தப் பெட்டியில் எதை அடித்தாலும் தமிழில்தான் விழும்.

அதை அவன் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. ஐப்பசி இடியில் பழையது எரிந்துபோனது. ஒரு தொண்டு நிறுவனம் புதியது ஒன்று தந்தது. நிமலன் எரிந்ததன் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினான், அவ்வளவுதான். விண்டோஸாக இருந்தால் நீலத்திரையைக் காட்டிப் படுத்திருக்கும். இது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வேலையைப் பார்த்திருக்கிறது. அந்தச் சுத்தமான வேலையைப் பார்த்து ஜெனீராவுக்குப் பொறாமைகூட வந்தது. அந்தப் பொறாமையில்தான் அவள் ஒரு பைலைத் திறந்தாள்.

திறந்தவள் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து எண்ணினாள். ஆரூரன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்."

தோட்டத்துச் செக்ரோல் மாதிரி என்று அவள் சொன்னாள். வேலைக்கு வருகிறவர்களின் பேரும் நம்பரும் எழுதிய புத்தகம். இந்த லினக்ஸும் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டி எழுப்பினாலும், அங்கே இருக்கும் நெட்வேர்க் கார்டின் பன்னிரண்டு எழுத்து நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளும். உலகத்தில் ஒரு கார்டின் நம்பர் இன்னொன்றுக்கு வராது. அந்தக் கார்டு செத்தாலும் போனாலும் பேரை வெட்டாது. எரிந்துபோன பழையது ஒன்று, இந்தப் புதியது ஒன்று, ஆக இரண்டு பேர் இருக்க வேண்டும். இருப்பது மூன்று.

"அப்ப இந்த டிஸ்க்கு வேறை எங்கேயோ போய் வந்திருக்கு."

"விருந்துக்குப் போய் வந்தீக்கி சேர். ரெண்டு தடவ."

நேரங்களும் இருந்தன. வெள்ளி பின்னேரம் ஆறு மணியிலிருந்து சனி காலை ஆறுவரை ஒரு தடவை. சனி பின்னேரம் ஆறிலிருந்து இன்று காலை ஆறுவரை இன்னொரு தடவை. நடுவில் சமர்த்தாகத் திரும்பி வந்து பொலிஸுக்கு முகம் காட்டியிருக்கிறது. கொண்டுபோனவனுக்கு விண்டோஸ் கம்ப்யூட்டர்தான் இருந்திருக்க வேண்டும். அது லினக்ஸ் டிஸ்க்கைப் படிக்காது. ஆகவே வேறு வழியில்லாமல் டிஸ்க்கையே அங்கே எழுப்பியிருக்கிறான். தடம் பதியக்கூடாது என்று நெட்வேர்க் வயரைப் பிடுங்கியிருக்கிறான். கார்டைப் பிடுங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

போய்ச் செய்தது ஒரே வேலை. நிமலனின் பேரில் பூட்டிய பெட்டி ஒன்று இருந்தது. அதைத் திறக்கப் பார்த்திருக்கிறான். தப்பான பாஸ்வேர்ட் போட்டால் "தப்புங்க. நிமலனக் கூப்பிடுங்க" என்று சொல்லி, போட்ட சொல்லையும் குறித்து வைக்கும்படி நிமலன் செய்திருந்தான். குறிப்பில் நாற்பத்தொரு வரி. நாற்பத்தொன்றிலும் ஒரே உளறல். "ஐஊலெஅர்ர."

"இது என்ன பாஷை?" என்றார் ஆரூரன்.

பல்லுப் போனவன் பேசுகிற பாஷை என்று சொல்ல வந்து ஜெனீரா விழுங்கிக்கொண்டாள். கடைசி வரியின் நேரம் இன்று காலை ஐந்தே முக்கால்.

ஆரூரன் எழும்பி வாசலுக்குப் போனார். சுபாஜினியிடம் நேராகவே சொன்னார். இன்று காலை ஐந்தே முக்காலுக்கும் பெட்டி திறக்கவில்லை. திறக்கிற சொல் உன் புருஷனின் வாயில் இருக்கிறது. அது கிடைக்கும்வரை அவனை வைத்திருப்பார்கள். அடிப்பார்கள், ஆனால் வைத்திருப்பார்கள். கிடைத்த நிமிஷம் அவன் அவர்களுக்கு வேண்டாத ஆள். இன்றைக்கும் ஆறு மணிக்கு டிஸ்க்கை எடுக்க வருவான், அதற்கு முன் அந்த மூன்றாவது கம்ப்யூட்டரைப் பிடிக்க வேண்டும்.

சுபாஜினி தலையை ஆட்டினாள். கேட்ட கேள்விக்கு அரைப் பதில் கிடைத்த முகம் அது.

தன் பதுளைக் கடையில் இன்னொரு செக்ரோல் இருக்கிறது என்பது ஜெனீராவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊவா மலையில் இடி இடித்தால் முதலில் சாவது நெட்வேர்க் கார்டு. வேறு கடையில் வாங்கி எரிந்ததைக் கொண்டுவந்து, நீ விற்றதுதான், மாற்றித் தா என்று சண்டை பிடிக்கிற ஆட்கள் இந்தப் பக்கத்தில் அதிகம். அதனால் அவள் விற்கிற ஒவ்வொரு கார்டின் நம்பரையும் வாங்கினவர் பேரோடு ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். ஞாயிறு, கடை பூட்டு. வெளியே விறாந்தையின் கடைசி மூலையில் மட்டும் போனுக்குச் சிக்னல் வந்தது. கடையில் வேலை செய்யும் றஷீனாவைப் போனில் கூப்பிட்டு, கடையைத் திறந்து நம்பரைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். றஷீனா கல்யாண வீட்டில் பிரியாணிக்கு முன்னால் இருந்தாள். ஒரு மணித்தியாலம் ஆகும் என்றாள்.

டிஸ்பென்சரிப் பூட்டுக்கு மூன்று திறப்பு. ஒன்று நிமலனிடம், ஒன்று டாக்டரய்யாவிடம், ஒன்று தோட்ட ஆபிஸின் பெரிய கிளாக்கர் தம்பையாவிடம். தம்பையாவின் பேரைச் சொன்னபோது பத்மநாதன் தயங்கினார். ஆளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, ஆனால் அவரும் நிமலனும் போன மாதம் வாய்ச்சண்டை போட்டார்கள் என்றார். இரண்டு வாரமாக அவர் வீட்டு ஜன்னலில் கம்ப்யூட்டர் வெளிச்சம் தெரிகிறது என்றும் சொன்னார்.

தம்பையாவின் வீடு தேயிலைக்குள் ஐந்து நிமிஷ நடை. கதவைத் திறந்தபோதே சாராய வாடை. கம்ப்யூட்டரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆரூரன் மரியாதையாகத்தான் கேட்டார். தம்பையாவின் முகம் வெளுத்தது. அடுத்த கணம் கதவுக்குப் பின்னால் தொங்கிய கவ்வாத்துக் கத்தி அவர் கையில் இருந்தது.

தேயிலை வாதை ஒரே வெட்டில் துண்டாக்கும் வளைந்த கத்தி அது. ஆரூரன் குடையை உயர்த்தினார். குடை இரண்டாகப் போய், கத்தி அவர் இடது முன்னங்கையில் இறங்கியது. இரத்தம் சுவரில் அடித்தது. கையில் மிச்சமிருந்த பாதிக் குடையால் அவர் தம்பையாவின் தொண்டையில் ஒரு குத்து விட்டார். தம்பையா இருமிக்கொண்டு குனிய, ஆரூரனின் முழங்கால் அவர் மூக்கைச் சந்தித்தது. எலும்பு நெரிந்த சத்தம் கேட்டது. ஜெனீரா கத்தியைக் காலால் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடினாள்.

நம்பர் வேறு. கிட்டவே இல்லை.

மூக்கிலிருந்து இரத்தம் வழிய வழியத் தம்பையா குந்தியிருந்து விம்மினார். ஆபிஸ் கம்ப்யூட்டராம். மகளின் கல்யாண வீடியோவைப் பார்க்கத் தோட்டத்து மேனேஜர் தொரைக்குத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். வேலை போய்விடும் என்று பயந்துவிட்டாராம்.

"கல்யாண வீடியோ பார்க்கிறதுக்கு ஆள வெட்டுற மனுசன இன்டைக்குத்தான் பார்க்கிறன்" என்றாள் ஜெனீரா. ஆரூரனின் கை வழியாக வடிந்த இரத்தம் அவள் செருப்புவரை வந்திருந்தது.

அவளுடைய முக்காட்டுத் துணியால் கட்டுப்போட்டு, தோளில் தாங்கி, அவரை டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். காயத்தைப் பார்த்ததும் பத்மநாதன் பதறிவிட்டார். மேசையில் உட்கார வைத்துக் கழுவினார், தைத்தார். தேர்ந்த கை, பத்துத் தையலையும் ஒரே சீராகப் போட்டார். ஆரூரன் பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பையா இல்லை, இனி எங்கே போவது என்று யோசனையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சோர்ந்துபோயிருப்பதை ஜெனீரா முதல் தடவையாகப் பார்த்தாள். சுவர் மணிக்கூட்டில் நாலரை.

அப்போது விறாந்தையில் வைத்துவிட்டு வந்த போன் அடித்தது.

ஜெனீரா ஓடிப்போய் எடுத்தாள். றஷீனாதான். கொப்பி கிடைத்துவிட்டது, நம்பரும் இருக்கிறது, போன சித்திரையில் விற்ற கார்டு என்று மூச்சுவாங்கச் சொன்னாள். பேரைச் சொல்லு என்றாள் ஜெனீரா.

"மயில்கந்தைத் தோட்டம்டு போட்டீக்கி. டாக்டர் பத்மநாதன். ஆளனுப்பி வாங்கினது. வீட்டுக் கம்ப்யூட்டர்டு நீங்கதான் எழுதி ஈக்கீங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பத்மநாதன் ஒரு சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் சுண்டிக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். ஆரூரன் வலது சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"ஏற்பு ஜன்னி வராமலிருக்க ஒரு சின்ன ஊசிதான். கையை விடும்."

கத்தினால் அந்தக் கணமே குத்திவிடுவார். அது அவளுக்குத் தெரிந்தது. உடம்பு முழுதும் ஓடு ஓடு என்றது. ஜெனீரா ஓடவில்லை. சாவகாசமாக உள்ளே நடந்தாள். கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குனிந்தாள். இந்த யூபிஎஸ்ஸைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும் சேர் என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லி, அந்தக் கறுத்த பெட்டியின் வயர்களைப் பிடுங்கினாள். ஏழு கிலோ இருக்கும். உள்ளே ஈய பேட்டரி. இரண்டு கையாலும் தூக்கி, திரும்பிய வேகத்திலேயே பத்மநாதனின் முழங்கையில் இறக்கினாள்.

கை வேறு பக்கமாக மடிந்தது. சிரிஞ்ச் பறந்து சுவரில் உடைந்தது. அந்த மெல்லிய குரல் மாடு மாதிரிக் கதறியது. ஆனால் விழவில்லை மனிதர். மற்றக் கையால் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவளுடைய தோளில் செருகினார். ஜெனீராவுக்கு வலி தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. ஆரூரன் மேசையிலிருந்து அப்படியே அவர்மேல் விழுந்தார். தையல் பிரிந்தது. மூன்று பேரும் மருந்துப் போத்தல்களோடு தரையில் உருண்டார்கள். கண்ணாடித் துண்டுகள் முதுகில் ஏறின. கத்தரிக்கோல் இப்போது ஆரூரனின் கழுத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சேலைன் போத்தல் மாட்டுகிற இரும்புக் கம்பி காற்றில் விசிறியது. ஒரு தடவை. பத்மநாதனின் மணிக்கட்டு நொறுங்கிக் கத்தரிக்கோல் விழுந்தது. இரண்டாவது தடவை அவர் காதின்மேல். அத்தோடு அவர் அடங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சுபாஜினி நின்றாள். மூன்றாவதுக்கு ஓங்கியிருந்தாள்.

"சாவடிச்சுப்போடாதையும், பிள்ளை" என்றார் ஆரூரன் தரையிலிருந்து. "அவன் எங்கை எண்டு இவனுக்குத்தான் தெரியும்."

கம்பி மேலேயே நின்றது. அதைப் பார்த்துத்தான் பத்மநாதன் வாயைத் திறந்தார். பழைய பிரசவ வார்ட் என்றார்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால், பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். திறப்பு அவர் இடுப்பிலேயே இருந்தது. உள்ளே களைமருந்து நாற்றம். பிள்ளை பெறுகிற இரும்புக் கட்டிலில் நிமலன் கட்டப்பட்டிருந்தான். ஒருவரே கட்டியதுதான், ஊசி போட்டுத் தூங்கவைத்தால் ஒருவர் போதும். முகம் இருந்த இடத்தில் வீக்கம் இருந்தது. முன்பற்கள் இல்லை. இடது கையின் ஐந்து விரலும் ஐந்து திசையில் நின்றன. நெஞ்சு ஏறி இறங்கியது.

சுபாஜினி அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியனுப்பிய தேயிலைக் கொழுந்து லொறி வரும்வரை ஜெனீரா, தோளில் துணியை அடைத்துக்கொண்டு, பத்மநாதனின் வீட்டுக்குள் போனாள். படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த மூன்றாவது கம்ப்யூட்டர். அவள் விற்ற கார்டு பின்னால் மினுங்கியது. விசைப்பலகை புதியது, சுத்தமானது. ஒரு பொத்தானிலும் தமிழ் எழுத்து ஒட்டியிருக்கவில்லை.

அதைப் பார்த்தபடி நின்றவளுக்குத் திடீரென்று அந்த நாற்பத்தொரு வரி உளறல் ஞாபகம் வந்தது. நிமலனின் விசைப்பலகையில் "ஐ" ஒட்டியிருந்த பொத்தானுக்கு இங்கிலீஷ் எழுத்து எது என்று தேடினாள். ஆர். அடுத்து "ஊ". அது இங்கிலீஷ் ஈ. பிறகு என், ஜி, ஏ, எம், எம், ஏ. விரலை வைத்து வைத்துப் படித்தாள்.

ரெங்கம்மா.

நிமலன் பொய் சொல்லவில்லை. பூட்டைத் திறக்கிற சொல்லைத்தான் சொல்லியிருக்கிறான். பத்மநாதன் அதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறார். பாஸ்வேர்ட் பெட்டியில் எதைப் போட்டாலும் புள்ளிதான் தெரியும். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் நிமலன் செய்த லினக்ஸ் அவர் அடித்ததையெல்லாம் தமிழ் எழுத்தாக மாற்றி விழுங்கிக்கொண்டிருந்தது. தப்புங்க, நிமலனக் கூப்பிடுங்க. அவரும் கூப்பிட்டிருக்கிறார். வார்டுக்குப் போய் ஒரு விரலை முறித்துவிட்டு மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடியும் அதே பேர். அந்தப் பேரைச் சொல்லித் தன்னைக் குத்திக்காட்டுகிறான் என்றுகூட நினைத்திருப்பார். தான் கொன்ற பெண்ணின் பேரை, தன் கையாலேயே, நாற்பத்தொரு தடவை.

டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்து, எழுத்து ஒட்டிய விசைப்பலகையில் அதே பேரைத் தமிழில் அடித்தாள். பெட்டி திறந்தது. நோயாளிக் கார்டுகளின் படங்கள். பக்கத்தில் ஊசிமருந்துக் குப்பிகளின் படங்கள், காலம் கடந்த திகதியோடு. நல்ல மருந்து பதுளைக்கு விலைக்குப் போயிருக்கிறது, கெட்ட மருந்து லயத்துக்கு வந்திருக்கிறது. பொலிஸுக்காக மேசைக் காலில் கட்டிப்போட்டிருந்த பத்மநாதன் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார்.

"எத்தினை பேரைப் பிடிச்சு வைச்சிருக்கிறான்?" என்றார். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கார்டுகளை மட்டும் கிழிக்கத்தான் இவ்வளவும். எத்தனை பேர் என்று அவருக்கே கணக்கில்லை.

பதினொரு பேர். ஜெனீரா திரையை மறுபக்கம் திருப்பினாள். அவளுக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

லொறியில் கொழுந்துச் சாக்குகளைப் பரப்பி நிமலனைக் கிடத்தினார்கள். ஆரூரன் முன்னால் ட்ரைவரோடு ஏறிக்கொண்டார். ஜெனீரா பின்னால் சுபாஜினியோடு உட்கார்ந்தாள். இரண்டாவது வளைவில் நிமலன் ஒரு கண்ணைத் திறந்தான். மனைவியைக் கண்டதும் அந்தக் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. உடைந்த வாயால் பேச வெகுநேரம் பிடித்தது.

"மொத அடியிலயே சொல்லிட்டேன் புள்ள. தாங்க முடியல. ஒங்கம்மாவ காட்டிக் குடுத்திட்டேன்."

சொன்னதுதான் அவனுக்கு வெட்கம். வாங்கிய அடி அல்ல. ஜெனீரா குனிந்து, நடந்ததை இரண்டு பேருக்கும் சொன்னாள். பொத்தானைப் பற்றி, எழுத்தைப் பற்றி, அந்தத் தப்பினால்தான் விரல்கள் போயின, அந்தத் தப்பினால்தான் உயிர் மிஞ்சியது, பத்மநாதன் தமிழில் சரியாக டைப் பண்ணியிருந்தால் வெள்ளிக்கிழமையே அவனை முடித்திருப்பான் என்று. நிமலனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. திரும்பத் திரும்ப மன்னிச்சிரு என்றான்.

சுபாஜினி அவன் முகத்தில் ஒட்டியிருந்த இரத்தத்தை முந்தானையால் துடைத்தாள்.

"நீங்க உண்மையத்தான் சொல்லியிருக்கீங்க. முப்பது வருசம் எங்களுக்கு மருந்து குடுத்தாரு அந்தாளு. எங்கம்மா பேர நம்ம எழுத்துல எழுத அவருக்குத் தோணல, அவ்வளவுதான்."

லொறி ஹாலிஎல சந்தியைத் தாண்டி ஆஸ்பத்திரி வீதியில் ஏறும்வரை அவள் அவன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.